கூரை வடிகாலுக்கு எந்தப் பொருள்? ஒன்பது ஆண்டு நின்ற தகரம் நான்கே ஆண்டில் ஓட்டையானது ஏன்?

கேள்வி

வணக்கம். கூரையின் ஓரத்தில் மழைநீரைப் பிடித்து இறக்குகிற வடிகாலைச் சிலர் கட்டர் என்பார்கள், சிலர் பீலி என்பார்கள். எங்கள் வீட்டில் அதை முழுவதுமாக மாற்ற வேண்டியிருக்கிறது. இப்போது இருப்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது வழக்கமான ஜி.ஐ. தகரம். கூரையும் அதே ஜி.ஐ. தகரமாக இருந்தவரை ஒன்பது ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு கூரையை மட்டும் வண்ணப் பூச்சுள்ள தகடாக மாற்றி, ஒரு சரிவில் சோலார் பலகைகளையும் பொருத்தினோம். அதற்குப் பின் வந்த நான்கு ஆண்டுகளில் வடிகாலின் அடியில் வரிசையாகத் துளைகள் விழுந்துவிட்டன. வந்து பார்த்த வேலைக்காரர் தகரம் மட்டமானது என்று சொல்லி, செம்பு போட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்கிறார். உறவினர் ஒருவர் பி.வி.சி. போதும் என்கிறார். எனக்கு அலுமினியத்தில் விருப்பம். நீண்ட பக்கம் 12 மீட்டர். நாள் முழுவதும் வெயில் விழும் பக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

முதல் பதில்

பி.வி.சி.யைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் என் வீட்டில் இருப்பது அதுதான். அது துருப்பிடிக்காது, உப்புக்காற்றுக்கும் அசையாது, எடை குறைவு என்பதால் நானும் என் மகனுமே ஒரே நாளில் மாட்டி முடித்தோம். ஆனால் உங்கள் 12 மீட்டர் நீளமும் வெயிலும்தான் இடிக்கின்றன. விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையே பொருளின் வெப்பநிலை 40 பாகை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நீளத்தில் பி.வி.சி. ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 11, இரும்பு 6 மட்டுமே. இந்த நீட்சிக்கு இடம் விடாமல் தாங்கிகளில் இறுக்கி முடுக்கினால் வடிகால் பாம்புபோல நெளியும், அல்லது இணைப்புகள் பிரிந்து ஒழுகும். என் வீட்டில் முதல் கோடையிலேயே இரண்டு இணைப்புகள் விட்டுவிட்டன. தவறு பொருளினுடையது அன்று, இடைவெளி விடாமல் மாட்டிய என்னுடையது. நீண்ட காலம் வெயில் பட்டால் அது நொறுங்கும் தன்மையும் அடையும். சிறிய ஓரங்களுக்குத் தயங்காமல் போடலாம். உங்கள் நீண்ட பக்கத்துக்கு நான் போடமாட்டேன்.

இரண்டாம் பதில்

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் பழைய தகரம் ஏன் போனது என்று பார்த்துவிடுங்கள். மட்டமான தகரமாக இருந்தால் முதல் ஒன்பது ஆண்டுகள் தாங்கியிருக்காது. மாறியது கூரைதானே தவிர வடிகால் அன்று.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் சற்றே அமிலத்தன்மை உடையது. தாது உப்பு ஏதும் இல்லாதது என்பதால் எதையேனும் கரைக்கத் துடிக்கும். பூச்சில்லாத ஜி.ஐ. கூரையின் மேல் ஓடும்போது அங்கேயே கொஞ்சம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொள்ளும். வடிகாலுக்கு வந்து சேரும்போது அதன் பசி பெரும்பாலும் அடங்கியிருக்கும். வண்ணப் பூச்சு, சோலார் பலகையின் கண்ணாடி, பிளாஸ்டிக் தகடு, பளபளப்பு ஓடு ஆகியவற்றில் கரைவதற்கு ஒன்றும் இல்லை. அவற்றின் மேல் வழிந்து வரும் நீர் முழுப் பசியோடு வடிகாலில் விழும். அதுவும் பனித்துளி சொட்டும் அதே இடங்களிலேயே நாள்தோறும் விழும். நல்ல தகரத்தில்கூட ஒரு சதுர மீட்டருக்கு இருபக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம்தான் பூசியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்குக் கணக்கிட்டால் அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட இல்லை. அது கரைந்து தீர்ந்தபின் இரும்பு துளைபட அதிக நாள் ஆகாது.

துளைகள் கூரைத் தகட்டின் பள்ளங்களுக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஏணி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே ஒரு துளை இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை. அதற்கு மேலே தண்ணீர் சூடாக்கியின் செம்புக் குழாயிலிருந்து உபரி நீர் கூரையில் சொட்டி, வழிந்து, அங்கேதான் விழுகிறது. அலுமினியம் போட்டால் இந்தத் தொல்லை இராது அல்லவா?

இரண்டாம் பதில் அளித்தவர்

பள்ளங்களின் கீழ் இராது. அந்த மூலையில் நிச்சயம் இருக்கும். செம்பைத் தொட்டு வரும் நீரில் மிகச் சிறிதளவு செம்பு கரைந்திருக்கும். அது அலுமினியத்தின் மேலோ துத்தநாகத்தின் மேலோ படிந்தால், அந்தப் புள்ளியிலேயே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அடியிலுள்ள உலோகத்தை அரித்துக் குழியாக்கிவிடும். எனவே முதல் வேலையாக அந்தச் செம்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, நீரைக் கூரையில் விடாமல் நேரே தரைக்கு இறக்குங்கள். வடிகாலையே செம்பாகப் போட்டால் இந்த வம்பு இல்லைதான். செம்பு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கும். ஆனால் ஒரு குழாயின் சொட்டுக்காக வீடு முழுவதும் செம்பு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், அதன் நீர் வழிந்து விழும் இடத்தில் அலுமினியமோ ஜி.ஐ.யோ இருந்தால் அரிப்பு அங்கே இடம் மாறும், அவ்வளவுதான்.

குழாயைத் திருப்பிவிட்டால் உங்கள் வீட்டுக்கு அலுமினியம் நன்றாகப் பொருந்தும். 0.7 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில், முடிந்தால் வேலை நடக்கும் இடத்திலேயே சுருளிலிருந்து இணைப்பின்றி ஒரே நீளமாக உருட்டித் தரச் சொல்லுங்கள். இணைப்பு இல்லாத இடம் ஒழுகாது. அலுமினிய ரிவெட்டையோ துருப்பிடிக்காத எஃகுத் திருகையோ பயன்படுத்தலாம். பித்தளைத் திருகு வேண்டாம். ஈரச் சிமெண்டும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் சுவர்ப் பூச்சு அதன்மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலைகளை அடைக்கும் சிலிக்கான் புளித்த காடி வாடை அடிக்காத வகையாக இருக்கட்டும். அந்த வாடை உள்ளது உலோகத்தைத் தின்னும்.

மூன்றாம் பதில்

பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நீர் தேங்கினால் எந்தப் பொருளும் சீக்கிரம் கெடும் என்பதால் அளவையும் வாட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். உங்கள் சரிவின் அகலத்தை 5 மீட்டர் என்று கொண்டால் பரப்பு 60 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் வரும். இதை ஒரே மூலையில் இறக்குவதைவிட, நடுவில் உயர்த்தி இரு முனைகளிலும் இறங்கு குழாய் வைப்பது நல்லது. ஒவ்வொரு பாதியிலும் 6 மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் வாட்டம் கொடுத்தால் நீர் நிற்காது. 15 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வடிகால் இலை அடைத்து நிரம்பிவிட்டால் மீட்டருக்கு 15 கிலோ எடை தொங்கும். ஆகவே 60 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கி அவசியம். ஏணியை வடிகாலின் மேல் சாய்க்காதீர்கள். அலுமினியம் அதிலேயே நசுங்கிவிடும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. செம்புக் குழாயை இன்று காலையே திருப்பிவிட்டேன். நீண்ட பக்கத்துக்கு இணைப்பில்லாத அலுமினியமும் இரு முனைகளிலும் இறங்கு குழாயும் என்று முடிவு செய்திருக்கிறோம். வாசலின் மேலுள்ள 2 மீட்டர் ஓரத்துக்கு மட்டும் பி.வி.சி. போடுகிறோம். பழைய தகரத்தில் துளையில்லாத துண்டுகள் இரண்டு மிஞ்சுகின்றன. அவற்றைப் பின்புறக் கொட்டகைக்கு மாட்டப்போகிறேன். அங்கே கூரை இன்னும் பூச்சில்லாத ஜி.ஐ. தகரம்தான்.