கார்கில்ல சண்டை போட்டேன்னு பேனர் வச்சிருக்காரு, நிஜமான்னு எப்படி பாக்கறது?

கோரிமேடு_பையன்:
வணக்கம்ங்க. எங்க ஏரியால ஒருத்தர் சட்டமன்ற தேர்தலுக்கு சீட் கேட்டுட்டு இருக்காரு, அஸ்தம்பட்டி ரவுண்டானால இருந்து கோரிமேடு வரைக்கும் பேனர், எல்லாத்துலயும் "கார்கில் போர் வீரர்"னு பெருசா போட்டிருக்கு. எங்கப்பாவும் ஆர்மில இருந்து ரிட்டயர் ஆனவருதான், 99ல அந்த பேனர்காரரு ஜபல்பூர்ல ஸ்டோர்ல இருந்தவரு, கார்கில் பக்கமே போகலன்னு சொல்றாரு. ரெண்டு நாளா அப்பா சரியா சாப்பிடல, அப்பா கூட இருந்தவங்க சிலர் கார்கில்ல செத்திருக்காங்க, அதான் மனசு தாங்கல. பசங்க எல்லாம் வாட்ஸப் குரூப்ல "போலி ராணுவ வீரர்"னு போட்டு விடுடான்றாங்க. போடலாமா? எப்படி உறுதி பண்றது?

ஓமலூர்_நாயக்:
தம்பி, முதல்ல அந்த "போலி"ங்கற வார்த்தைய விடுங்க. ஸ்டோர்ல இருந்தவரும் சிப்பாய்தான், மலை மேல இருந்தவங்களுக்கு குண்டும் ரேஷனும் தானா போய் சேரல. அவரு சர்வீஸே பண்ணலன்னு அப்பா சொல்லலியே, போகாத இடத்த போனதா சொல்றாருங்கறதுதான் விஷயம், ரெண்டும் வேற வேற குற்றச்சாட்டு.

இப்ப பாக்கற வழி. டிஸ்சார்ஜ் புக்குன்னு ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும், அதுல வாங்கின மெடல் எல்லாம் ஏறியிருக்கும். கார்கிலுக்கு ரெண்டு உண்டு. சண்டை நடந்த திராஸ், படாலிக், கக்சர் மாதிரி இடத்துல இருந்தவங்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், அந்த நேரத்துல ராஜஸ்தான், பஞ்சாப்னு மத்த பார்டர்ல கொண்டு போய் நிறுத்தின ஆளுங்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். பேர் ஒரே மாதிரி இருக்கறதால மெடல் வாங்கினவங்க சிலர் ஊர்ல "கார்கில்"னே சொல்லிக்குவாங்க, அது மிகைதான், ஆனா முழுப்பொய் இல்ல. ஜபல்பூர்லயே இருந்திருந்தா ஸ்டார் இருக்க வாய்ப்பே இல்ல. நேரா போய் "ஐயா புக்க கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேளுங்க, உண்மையான ஆளு சந்தோஷமா எடுத்து காட்டுவாரு.

இன்னொண்ணு, ரேங்க்லயும் இந்த குழப்பம் நிறைய. சிப்பாயா சேர்ந்து மேல வந்து சுபேதார் மேஜரா இருந்தவருக்கு கௌரவ கேப்டன் குடுப்பாங்க, அது உழைச்சு வாங்கின மரியாதை, ஆனா பேனர்ல வெறும் "கேப்டன்"னு போடும்போது பாக்கறவங்க ஆபீசரா இருந்தவர்னு நினைப்பாங்க. காலேஜ்ல என்சிசி பாக்கற வாத்தியாருங்களுக்கும் லெஃப்டினன்ட், கேப்டன்னு ரேங்க் இருக்கு, அவங்க ஆர்மி ஆபீசர் இல்ல.

ஐந்துரோடு_வக்கீல்:
நாயக் அண்ணன் சொன்னது சரி. சட்டத்த பொறுத்தவரை, வேட்பாளர் வேட்புமனுவோட குடுக்கற உறுதிமொழிப் பத்திரம், ஃபாரம் 26ல கேஸ், சொத்து, படிப்பு, தொழில், வருமானம் எங்கிருந்து வருதுன்னு எல்லாம் கேப்பாங்க, எந்த போர்ல இருந்தீங்கன்னு கேக்க மாட்டாங்க. அதுல பொய் எழுதினா மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 125ஏ, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். பேனர்ல எழுதினது அதுல வராது. சிப்பாயே இல்லாதவன் சிப்பாய்னு நம்ப வைக்க யூனிஃபார்ம் போட்டா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 168, இவரு முன்னாள் ராணுவம்ங்கறதால அதுவும் இங்க ஒட்டாது. ஆனா நீங்க ஆதாரம் இல்லாம குரூப்ல போட்டா அதே பிஎன்எஸ்ல 356, அவதூறு, உங்க மேல நேரா வரும். தயவுசெஞ்சு போடாதீங்க.

ஏற்காடு_காப்பி:
அமெரிக்கால இந்த சண்டை தேர்தலுக்கு தேர்தல் நடக்குது. ரிச்சர்ட் புளூமெந்தால், 2010ல செனட்டுக்கு நின்னப்ப "வியட்நாம்ல சர்வ் பண்ணினப்ப"ன்னு முன்னாடி மேடைல சொன்னது வெளிய வந்துச்சு, அவரு மரைன் படையோட ரிசர்வ்ல இருந்தது உண்மை, வியட்நாம் போனதே இல்ல. மன்னிப்பு கேட்டு ஜெயிச்சுட்டாரு. டிம் வால்ஸ், நேஷனல் கார்டுங்கற ரிசர்வ் படைல 24 வருஷம் இருந்தவரு, 2018ல "போர்ல நான் தூக்கின ஆயுதம்"னு ஒரு வார்த்தை விட்டாரு, போர்க்களம் போனதில்ல, 2024ல துணை ஜனாதிபதி பதவிக்கு நின்னப்ப அத வச்சே அடிச்சாங்க. ஆனா எதிர்ப்பக்கமும் இருக்கு, 2004ல ஜனாதிபதி தேர்தல்ல நின்ன ஜான் கெர்ரி நிஜமாவே வியட்நாம்ல கடற்படை படகுல இருந்து சில்வர் ஸ்டார்ங்கற வீர விருது வாங்கினவரு, அவரையே பொய்யன்னு விளம்பரம் போட்டாங்க. அவர் படகுல கூட இருந்தவங்க பெரும்பாலும் அவர் பக்கம் பேசினாங்க, கடற்படை ரெக்கார்டும் அவர் பக்கம்தான், அப்படியும் பேரு கெட்டுச்சு. அதான் நானும் சொல்றேன், பேப்பர் கைல வராம வாயத் திறக்கக் கூடாது.

கோரிமேடு_பையன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், குரூப்ல போடல. அப்பாகிட்ட படிச்சு காட்டினேன், அவரே நேர்ல போய் கேக்கறேன்னுட்டாரு. ஆர்டிஐல கேட்டா கிடைக்குமா வக்கீல் சார்?

ஐந்துரோடு_வக்கீல்:
ஒருத்தர் பேர் சொல்லி சர்வீஸ் ரெக்கார்ட் கேட்டா தனிப்பட்ட தகவல்னு ஆர்டிஐ சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவ காட்டி மறுக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீர் சக்ரா மாதிரி விருது வாங்கினதா சொன்னா மட்டும் சுலபம், அது கெசட்ல வரும், பாதுகாப்பு அமைச்சக விருது வெப்சைட்லயே பேர் தேடலாம்.

ஓமலூர்_நாயக்:
அப்பா போறப்ப தனியா விடாதீங்க தம்பி, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல இருந்து பெரியவங்க ரெண்டு பேர கூட்டிட்டு போகச் சொல்லுங்க. பேனர் வச்சவரு புக்க காட்டி ஸ்டார் இருந்துச்சுன்னா அங்கயே கைய குடுத்துட்டு வரணும். இல்லன்னா அந்த ஒரு வரிய எடுங்கன்னு கேக்கட்டும், "முன்னாள் ராணுவ வீரர்"னு போட அவருக்கு முழு உரிமை இருக்கு.