ரீமேக்கை முதல்ல பார்த்துட்டு ஒரிஜினலுக்குப் போனவங்க இருக்கீங்களா? (பேய்ப்படம் மட்டும்)

பவானிக்காரி

சந்திரமுகி 2005ல வந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்க. ஒரு வாரம் பாட்டியைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கினேன், அவ்வளவுதான். "ரா ரா"ன்னா என்ன அர்த்தம்னே தெரியாது. புரியாத பாஷைங்கறதே பயப்படப் போதுமா இருந்துச்சு.

2016ல கோயமுத்தூர் ஹாஸ்டல். ரூம்மேட் திருச்சூர்ப் பொண்ணு. ஓணத்துக்கு ஊருக்குப் போக முடியலைன்னு அழுது முடிச்சுட்டு லேப்டாப்புல சந்திரமுகியோட மலையாள ஒரிஜினல் மணிச்சித்ரதாழ் போட்டா. சப்டைட்டில் கிடையாது, எனக்கு மலையாளம் பாதிதான் புரியும். கதைதான் தெரியுமேன்னு முறுக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நடுவுல ராத்திரியில ஒரு தமிழ்க் குரல் கேக்கும், பாட்டு கேக்கும். அப்போ முகம் தெரியாது. அப்புறம் அந்தக் கட்டில் சீன். கங்காவோட புருஷன் நகுலன் அவளை வெளிய போக வேண்டாங்கறான். கங்கா மலையாளத்துல கேட்டுக்கிட்டே இருக்கா, கண்ணு மட்டும் மெல்ல மாறுது. பட்டுன்னு தமிழ்.

அவ்வளவு நேரம் எல்லாரும் பேசினது எனக்குப் பாதிப் பாதி. முகத்துக்கு நேரா ஒருத்தி பேசி ஒரு வார்த்தை விடாமப் புரியுதுன்னா, அவ பேய். முறுக்கு வாயிலயே நின்னுருச்சு. திரும்பினா ரூம்மேட் ஸ்க்ரீனைப் பார்க்கலை. என்னையப் பார்த்துட்டு இருந்தா.

அதுக்கப்புறம் நைட்டுல அம்மாகிட்ட நான் ஃபோன் பேசினா "மதி, நிர்த்து"ன்னு (போதும், நிறுத்துன்னு) தலகாணி பறந்து வரும். சிரிச்சுக்கிட்டேதான் எறிவா. ஆனா லைட்டைப் போட்டுட்டுத்தான் எறிவா.

இப்படி யாருக்காவது ஆகியிருக்கா?

கூட்டெழுத்து

நல்ல பதிவு. ஒரு திருத்தம். நீங்கள் கேட்ட தமிழ்க் குரல் கங்காவாக நடித்த ஷோபனாவுடையது அல்ல. கங்காவுக்குப் பாக்கியலட்சுமி குரல் கொடுத்தார், கங்காவுக்குள் வரும் தமிழ் நாட்டியக்காரி நாகவல்லிக்குத் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா. பல வருடம் எல்லாரும் பாக்கியலட்சுமி என்றே நினைத்திருந்தார்கள். இயக்குநர் ஃபாசிலே 2016இல்தான் சொன்னார். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த வேடத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் பயம் தருவதே இதுதான். சொந்த அனுபவம் எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

நாஞ்சில் மண்டையன்

எங்க ஊர்க் கதையக் கேளுங்க. படத்துல வார வீட்டுல பாதி திருப்பூணித்துறை ஹில் பேலஸ், மீதி எங்க தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் கொட்டாரம் (அரண்மனை). கொட்டாரம் நிக்கது தமிழ்நாட்டுல, பாத்துக்கிடது கேரள தொல்லியல் துறை. மலையாளப் படத்துக்குத் தமிழ்ப் பேய் எங்கேருந்து வந்துதுன்னு இப்ப வெளங்குதா?

ஏழாம் கிளாஸ்ல கூட்டிட்டுப் போனாவ. செருப்பை வெளியவே போட்டுரணும். உள்ள தரை கறுத்து மினுங்கும். செரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்புன்னு சேத்துப் போட்ட தரைன்னு சொல்லுவாவ. குனிஞ்சு பாத்தா நம்ம மூஞ்சி தெரியும். நான் கூட்டத்த விட்டுட்டு, நாகவல்லி ரூமைக் கண்டுபிடிக்கணும்னு ஒத்தையில நடந்தேன். ஒரு மூலையில பூட்டுன கதவு. பக்கத்துல ஸ்டூல்ல இருந்த காவக்காரரு நான் வாயத் தொறக்கதுக்கு முன்ன சொன்னாரு: "அது இல்ல மக்ளே. அவ இங்க இல்ல."

எத்தன பேருக்கு அந்தப் பதிலச் சொல்லியிருப்பாரோ, அலுத்துப்போன கொரலு. ஆனா "இங்க இல்ல"ன்னா வேற எங்க? இன்னைக்கும் யோசிக்கேன்.

போறவங்க திங்கக்கெழம போவாதீங்க, லீவு.

படையப்பன் 65

சந்திரமுகியை மட்டம் தட்டறதுக்குன்னே இழை ஆரம்பிக்கிறாங்க. சாந்தி தியேட்டர்ல 800 நாளுக்கு மேல ஓடின படம் சார். ஒரிஜினல்ல "லக லக" இருக்கா? ஃபேமிலியா உக்காந்து பார்த்தோம், கைதட்டினோம், சிரிச்சோம். பயமுறுத்தினாத்தான் பேய்ப்படமா?

பவானிக்காரி

அண்ணா, நான் மட்டம் தட்டவே இல்லைங்க. பாட்டி கூட ஒரு வாரம் படுத்தேன்னு போட்டிருக்கேனே.

மல்லேஸ்வரம் மாமா

படையப்பன் அவர்களே, சந்திரமுகி எடுத்த பி. வாசுவே முந்தின வருஷம் அதைக் கன்னடத்தில் ஆப்தமித்ராவாக எடுத்துவிட்டார். "ரா ரா" மெட்டும், பாம்பும் அங்கேயிருந்து வந்த சரக்கு. சண்டைக்குச் சொல்லவில்லை. அந்தப் படத்தை நான் பெங்களூரில் முதல் வாரமே பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அதில் நாகவல்லியாக ஆடிய சௌந்தர்யா போனது 2004 ஏப்ரல் 17. ஜக்கூரில் கிளம்பிய சின்ன விமானம். படம் வந்தது ஆகஸ்டில். அவர் முதல்முறை திரையில் வந்ததும் விசில் வரும் என்று பார்த்தால், தியேட்டரே "ச்ச்" என்றது. பின்னால் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினார். பிறகு நாகவல்லி ஆட்டம். திருநீறும் மந்திரமுமாய் நாகவல்லி உடம்பை விட்டுப் போகும் இடத்தில், அந்த அம்மாள் சத்தமாகவே சொன்னார், "ஹோக்பேடம்மா". போகாதே என்று. யாரும் அதட்டவில்லை.

ஷோபனா, ஜோதிகா, ஹிந்தியில் செய்த வித்யா பாலன் எல்லாரையும் பார்த்துவிட்டேன். யார் நன்றாகச் செய்தார்கள் என்று என் மருமகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டிமன்றம் வைப்பான். நான் அந்தப் பட்டிமன்றத்தில் உட்காருவதில்லை.

நெக்பேண்ட் நாராயணன்

டாபிக் மாத்தறேன். சிவி பார்த்திருக்கீங்களா, 2007? கேமராவுல பேய் விழுமே. டிவில பார்த்தேன், சும்மா போச்சு. அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் அது தாய்லாந்துப் படம் ஷட்டரோட ரீமேக்குனு தெரிஞ்சு அதைப் பார்த்தேன். முடிவு தெரியும், பேய் ஹீரோ தோள் மேலயே உக்காந்திருக்கும். ஆனா முடிவு தெரிஞ்சு பார்த்தா அந்தாளு கழுத்தைத் தேய்க்கறது வேற மாதிரி தெரியுது. எடை பார்க்கிற சீன் வந்ததும் நிறுத்திட்டேன். ஏன்னா எனக்கும் அப்போ மூணு மாசமா கழுத்துவலி. மறுநாள் எக்மோர் ஸ்டேஷன்ல அந்தக் கலர் லைட் எடை மெஷின்ல ஏறினேன். டிக்கெட் வர்றதுக்குள்ள இறங்கி ஓடிட்டேன். எனக்கு அடுத்து நின்னவர் கையில அந்த அட்டை போயிருக்கும். எவ்வளவு இருந்துச்சோ.

நலம் நாடுபவன்

நண்பர் நாராயணனுக்கு. மூன்று மாதக் கழுத்துவலி அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. முதலில் தலையணையைப் பாருங்கள். இரண்டு தலையணை வைப்பவர் என்றால் ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள். மல்லாந்து படுத்தால் மெலிதாக ஒன்று போதும், ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நிரம்பும் அளவு. போனை மடியில் வைத்துப் பார்க்காதீர்கள், கண் உயரத்துக்குத் தூக்குங்கள். பஸ்ஸில் தலை தொங்கத் தூங்குவதும் ஒரு காரணம். சலூனில் கழுத்தை "மடக்" என்று திருப்புவார்கள், அதற்குத் தலையைக் கொடுக்காதீர்கள். கை மரத்துப்போனாலோ, விரலில் ஊசி குத்துவது போல இருந்தாலோ நேராக எலும்பு டாக்டர். உங்கள் பெயரில் நெக்பேண்ட் இருக்கிறது, அதையும் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள்.

நான் பேய்ப்படம் பார்ப்பதில்லை.

நெக்பேண்ட் நாராயணன்

சார், அது 2013. இப்போ வலி இல்லை.

நலம் நாடுபவன்

திரும்ப வரும்.

சூரத் சுந்தரம்

மேலே உள்ளவர் எழுதின கடைசி வரிதான் இந்த இழையிலேயே பயங்கரம்.

என்னுடையது சின்னது. இங்கே 2023ல வஷ்னு குஜராத்திப் படம் பார்த்தேன். வீட்டுக்கு வர்ற ஒருத்தன் பொண்ணை வசியம் பண்ணிடுவான். அடுத்த வருஷம் ஹிந்தியில ஷைத்தான். அதே பொண்ணுதான் ரெண்டுலயும், ஜானகி போடிவாலா. இதுல வசியக்காரன் மாதவன், அம்மா நம்ம ஜோதிகா. ஒரு காலத்துல ஊரையே பயமுறுத்தின கண்ணு, இங்க பொண்ணைப் பார்த்துப் பயந்து நிக்குது. ஹிந்திக்கு என் மகளையும் கூட்டிட்டுப் போனேன், பதினாறு வயசு. ஹிந்தியில பொண்ணு பிழைச்சு வந்துடும். வெளியே வந்து பைக் எடுக்கும்போது கேட்டா, "அப்பா, அதுலயும் இதே முடிவுதானே?"

ஆமான்னு சொல்லிட்டேன்.

கூட்டெழுத்து

அதில் வேறு முடிவு.

சூரத் சுந்தரம்

தெரியும் சார். அதான் எழுதறேன்.

பவானிக்காரி

எல்லாருக்கும் நன்றிங்க. நாஞ்சில் அண்ணா, அந்தக் காவக்காரர் பதிலை நைட்ல படிச்சது என் தப்பு.

முதல் பதிவுல விட்டுட்டேன். 2024 ஆகஸ்ட்ல மணிச்சித்ரதாழ் 4கே பண்ணித் திரும்ப விட்டாங்கல்ல, ரூம்மேட் கொச்சியில போய்ப் பார்த்துட்டு வாய்ஸ் நோட் அனுப்பினா. அந்தக் கட்டில் சீன்ல தியேட்டர்ல இருந்த அத்தனை மலையாளிகளும் நாகவல்லி கூடச் சேர்ந்து தமிழ் பேசறாங்க. மனப்பாடம். "இன்னைக்கு துர்காஷ்டமி"ங்கறதுல இருந்து கடைசில "ஓங்கார நடனம்" வரைக்கும், அவங்க உச்சரிப்புல. நடுவுல இவ குரலும் கேக்குது.

கீழ ஒரு மெசேஜ் வேற: "எடி, ஓங்கார நடனம்னா என்ன?"

டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன். எனக்கும் தெரியலை.