மாநிலச் சட்டத்தால் குடியேற்ற அமலாக்கத்தின் முகத் தேடலைத் தடுக்க முடியுமா?

கடைமடை:
அமெரிக்காவில் எங்கள் மாநிலத்து மசோதா வரைவு ஒன்று கைக்கு வந்தது. "ஓட்டுநர் லைசென்ஸ் படங்களில் குடியேற்ற அமலாக்கத்துக்காக முகத் தேடல் கூடாது, வாரண்ட் இருந்தால் விலக்கு." அவ்வளவுதான். முகத் தேடல் என்றால், ஒருவரின் முகத்தை மென்பொருளால் இந்தப் படங்களோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிப்பது. இது போதுமா? கருத்து அனுப்புமுன் எந்த ஓட்டைகளைப் பார்க்கணும்?

நாவல்மரம்:
போதாது. வெர்மான்ட்டைப் பாருங்கள். லைசென்ஸ் துறை பயோமெட்ரிக் (முகம், கைரேகை போன்ற உடல் அடையாள) முறையைக் கையாளக் கூடாது என்று அங்கே 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2012-இல் மோசடியைப் பிடிக்கவென்று முகத் தேடல் மென்பொருளை வாங்கினார்கள். பிறகு ஐஸ் (ICE, ஃபெடரல் குடியேற்ற அமலாக்க அமைப்பு) உட்பட வெளி அமைப்புகளுக்கும் தேடிக் கொடுத்தார்கள். 2017-இல்தான் மாநில அட்டர்னி ஜெனரல் நிறுத்தினார். தடை இருந்தது, கேட்க ஆள் இல்லை. யார், எந்த வழக்குக்காகத் தேடச் சொன்னார் என்ற பதிவு, ஆண்டுதோறும் தணிக்கை, பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடும் உரிமை, மூன்றையும் கேளுங்கள்.

"வாரண்ட்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். குடியேற்றத் துறை கைதுக்கும் நாடுகடத்தலுக்கும் பயன்படுத்தும் ஐ-200, ஐ-205 படிவங்களுக்கும் பெயர் வாரண்ட்தான், கையெழுத்துப் போடுவது குடியேற்ற அதிகாரி. "நீதிபதி" என்று மட்டும் எழுதினாலும் சிக்கல், ஏனென்றால் குடியேற்ற நீதிபதி நிர்வாகத் துறையின் ஊழியர். நியூயார்க்கின் 2019 சட்டம், அரசியல் சாசனத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் நியமிக்கப்பட்ட நீதிபதி (அதாவது ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி) என்று தெளிவாகவே சொல்கிறது. அந்த வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

செம்மண்:
இதைவிடப் பெரிய ஓட்டை "தேடல்" என்பதில் இருக்கிறது. மாநிலம் தன் மென்பொருளில் தேடாமல் படத்தை மட்டும் கொடுத்தால்? ஐஸ் தன் கருவியில் ஒப்பிட்டுக்கொள்ளும், வரைவும் மீறப்படாது. "தேடவோ, படத்தையோ முக வார்ப்புருவையோ பகிரவோ" கூடாது என்று சேருங்கள். முக வார்ப்புரு என்பது முகத்தின் அளவுகளை மென்பொருள் எண்களாக மாற்றி வைத்திருப்பது. மாநிலங்களும் ஃபெடரல் அமைப்புகளும் தகவல் பரிமாறும் என்லெட்ஸ் (Nlets) என்ற காவல்துறை வலையமைப்பையும் மறக்காதீர்கள். அதில் கேள்வி தானாகவே போய்ப் பதில் தானாகவே திரும்பும், ஊழியர் யாரும் பார்ப்பதில்லை. கேட்கும் அமைப்பின் அடையாள எண்ணை வைத்து மறுக்கும்படி அமைக்கச் சொல்லி, அதற்குக் கெடுவும் வையுங்கள்.

கடைமடை:
நன்றி. விதிமீறிக் கிடைத்த படம் சாட்சியமாகாது என்று எழுதினால் பலிக்குமா? ஃபெடரல் அரசு வழக்குப் போடாதா?

நாவல்மரம்:
மாநில நீதிமன்றத்தில் பலிக்கும். நாடுகடத்தல் வழக்கில் பெரும்பாலும் பலிக்காது. லோபஸ்-மெண்டோசா வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம், விதிமீறிக் கிடைத்த சாட்சியத்தை விலக்கும் விதி நாடுகடத்தல் வழக்குக்குப் பொதுவாகப் பொருந்தாது என்று அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதனால்தான் படம் வெளியே போகுமுன்பே தடுக்கணும் என்கிறேன்.

வழக்குப் போடலாம். ஆனால் மாநில அதிகாரியை ஃபெடரல் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் பிரின்ட்ஸ் தீர்ப்பு (1997) சொல்கிறது. மாநிலங்கள் தகவல் பகிர்வதைத் தடுக்கக் கூடாது என்னும் ஃபெடரல் சட்டத்தின் 1373-ஆம் பிரிவு குடியுரிமை, குடியேற்ற நிலை பற்றிய தகவலைத்தான் பேசுகிறது, முகப் படத்தை அல்ல. ஐஸ் அதிகாரி தன் கைப்பேசியால் தெருவில் படம் எடுப்பதை இந்த மசோதா தொடாது. அதற்கு நாடாளுமன்றச் சட்டம்தான் வேண்டும்.

செம்மண்:
கைரேகையும் அப்படித்தான். கைதானவரின் ரேகை எஃப்.பி.ஐ.க்குப் போனதும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகவே போய்விடும். மாநிலம் விலக முடியாது. ஐஸ் கேட்டாலும் விடுதலை நேரத்துக்குமேல் பிடித்து வைக்க மாட்டோம் என்று சொல்ல மட்டும் முடியும். அதைத் தனி மசோதாவாகக் கேளுங்கள்.