பிளானட் கேரியர்: கோள்தாங்கியா, கோளேந்தியா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் இயந்திரவியல் மாணவர்களுக்காக, காப்புரிமை ஆய்வு எப்படி நடக்கிறது என்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொதுப்படையாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. அதனால் மின்வண்டி ஒன்றின் இயக்க அமைப்பை எடுத்துக்கொண்டு, நானே ஒரு மாதிரி உரிமைக்கோரல் (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்) எழுதி, ஆய்வாளர் அதை எப்படிப் பிரித்துப் படிப்பார் என்று காட்டப்போகிறேன். ஒரு மோட்டார், அதன் அச்சிலேயே ஒரு பிளானட்டரி கியர் (நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றிச் சில சிறு கியர்கள், வெளியே ஒரு பல் வளையம்), அங்கிருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், பிறகு வண்டிச் சக்கரம். அவ்வளவுதான் அமைப்பு.

காப்புரிமை அலுவலகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தானே விண்ணப்பம் வாங்குகிறது, தமிழில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். விண்ணப்பம் ஆங்கிலத்திலேயே போகட்டும். தமிழில் புரிந்துகொண்ட பையன்தான் ஆங்கிலக் கோரலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பான். நான் எழுதியது இது:

"ஒரு மின்மோட்டாரும், அதன் தண்டில் பொருத்திய சூரியப் பற்சக்கரமும், வெளிக்கூட்டில் அசையாமல் பூட்டிய வளையப் பற்சக்கரமும், இவ்விரண்டோடும் பல் பொருந்தி நடுவில் நிற்கும் மூன்று கோள் பற்சக்கரங்களும், அவற்றைத் தாங்கும் தாங்கியும், அத்தாங்கியை வெளிக்கூட்டில் தாங்கும் தாங்கியும் கொண்ட இயக்க அமைப்பு."

கடைசிப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். முதல் தாங்கி பிளானட் கேரியர், அதாவது அந்தக் கோள் பற்சக்கரங்களைச் சுமக்கும் உறுப்பு. இரண்டாவது தாங்கி பேரிங். பேரிங்குக்குத் தாங்கி என்பது ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை இனி அசைக்க முடியாது. கேரியரையும் அதே சொல்லால் சொன்னால், ஆய்வாளர் முதல் அறிக்கையிலேயே பிடித்துக்கொள்வார். நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(5) பிரிவு, கோரல் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. "எந்தத் தாங்கி?" என்று ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆறு மாதம்.

கேரியருக்கு ஒரு சொல் கொடுங்கள்.

மடல் 2

அண்ணே, வணக்கம். கோயமுத்தூரில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் கேரியர் என்றுதான் சொல்வோம். சைக்கிளுக்குப் பின்னால் இருப்பதும் கேரியர், சோறு கொண்டுபோவதும் கேரியர், கியர்பாக்ஸுக்குள் இருப்பதும் கேரியர். இதுவரை எவனும் டிபன் கேரியரைக் கொண்டுவந்து, கியருக்குப் பல் வெட்டும் ஹாப்பிங் மெஷினில் மாட்டியதில்லை.

தமிழில்தான் வேண்டும் என்றால் பார்த்ததைச் சொல்லுங்கள். அது ஒரு தட்டு. மூன்று பின் அடித்த தட்டு. சுற்றுகிறது. ஆகவே "சுழல்தட்டு". வேலை முடிந்தது.

இன்னொன்று. கியரையும் சக்கரம் என்கிறீர்கள், வீலையும் சக்கரம் என்கிறீர்கள். ஒரு தாங்கிக்கு அழுகிறீர்களே, இதற்கு யார் அழுவது?

மடல் 3

தம்பிக்கு வாழ்த்துகள். இயந்திரம் எனக்குத் தெரியாது, தமிழ் கொஞ்சம் தெரியும்.

கோள்தாங்கி என்று சேர்த்தெழுத நீ நினைத்திருந்தால், புணர்ச்சியைப் பார். ளகரத்துக்குப் பின் தகரம் வந்தால் இரண்டும் டகரமாகும். முள்+தாள் முட்டாள் ஆனது போல, கோள்+தாங்கி "கோட்டாங்கி" ஆகிவிடும். அதைப் படிப்பவனுக்குக் கொட்டாங்குச்சிதான் நினைவுக்கு வரும், கோள் வராது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லாகப் பார். ஏந்து என்ற வினை இருக்கிறது. கோள்+ஏந்தி, "கோளேந்தி". எழுத்து எதுவும் சிதையவில்லை.

ஒரு குறை உண்டு. கோள் சொல்லுதல், கோள் மூட்டுதல் என்றெல்லாம் நம்மிடம் வழக்கு இருப்பதால், கோளேந்தி என்பதைப் புறங்கூறுபவன் என்று சிலர் படிக்கக்கூடும். பற்சக்கரங்களுக்கு நடுவே நின்று இங்கிருந்து வாங்கி அங்கே கொடுப்பதுதான் அதன் வேலை என்று நீ விளக்குவதைப் பார்த்தால், அந்தப் பொருளும் முற்றிலும் தவறில்லை போலிருக்கிறது.

சூரியன் வடசொல். ஞாயிற்றுப் பற்சக்கரம் என்றோ பரிதிப் பற்சக்கரம் என்றோ சொல்லலாமே.

மடல் 4

ஐயாவுக்கும் கோவைத் தம்பிக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுழல்தட்டு. கேட்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த பேட்டரி டிரில்லைச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துக் கழற்றினேன். வெள்ளை கிரீஸ் கை முழுக்க. உள்ளே இரண்டு அடுக்குப் பிளானட்டரி. முதல் அடுக்கின் தட்டை வெளியே எடுத்துத் துடைத்தால், ஒரு பக்கம் மூன்று பின், அதில் மூன்று சிறு கோள்கள். திருப்பினால் மறுபக்கம் நட்டநடுவில் பல் வெட்டிய சிறு முளை. அந்த முளைதான் இரண்டாம் அடுக்கின் சூரியன். ஒரே இரும்புத்துண்டு, ஒரு பக்கம் கேரியர், மறுபக்கம் சூரியப் பற்சக்கரம்! தட்டு என்று பெயர் வைத்தால் இந்தத் துண்டில் பாதிக்குப் பெயரில்லை. உரிமைக்கோரலில் நாம் பெயர் வைப்பது துண்டுக்கு இல்லை, அது செய்யும் வேலைக்கு. வேலைப்படி பார்த்தால் ஒரு துண்டுக்கு இரண்டு பெயர் வரலாம், தப்பில்லை. ஒரு பெயருக்கு இரண்டு வேலை வந்தால்தான் வம்பு.

அடுத்து "சுழல்". இதை என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸ் உடைத்துவிடுகிறது. 1997இல் ஜப்பானில் வந்த முதல் பிரியஸிலிருந்தே நடுவில் இருப்பது ஒரு பிளானட்டரி தொகுதி. என்ஜின் கேரியரில் இணைகிறது, ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் சிறிய மோட்டார் சூரியனில், பெரிய மோட்டாரும் வண்டிச் சக்கரமும் வளையத்தில். சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78. என்ஜின் தரும் முறுக்குவிசை (டார்க்) 108 பங்கு என்றால் 78 வளையத்துக்கு, 30 சூரியனுக்கு, அதாவது ஏறத்தாழ 72க்கு 28. இதில் கேரியர் சுழல்கிறது, தம்பி சொன்னது சரி.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் பக்கத்திலேயே இன்னொரு தொகுதியைச் சேர்த்தார்கள், பெரிய மோட்டாரின் வேகத்தைக் குறைக்க. சூரியன் 22 பல், கோள் 18, வளையம் 58. இதில் கேரியரைக் கூட்டோடு போல்ட் போட்டு நிறுத்திவிட்டார்கள். அது நகரவே நகராது. கோள்கள் இருந்த இடத்திலேயே தன்னைத்தான் சுற்றி, வளையத்தை எதிர்த்திசையில் தள்ளும். மோட்டார் சுமார் 2.64 சுற்று சுற்றினால் வளையம் ஒரு சுற்று. ஒரே வண்டியில், ஒரே கூட்டுக்குள், ஒரு கேரியர் சுழல்கிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. இரண்டாவதைச் சுழல்தட்டு என்று எழுதினால் "சுழலாத சுழல்தட்டு" என்றல்லவா கோரல் எழுத வேண்டும்? ஆய்வாளர் சிரித்துவிட்டு ஆட்சேபம் எழுதுவார்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கை ஜேம்ஸ் வாட்டிடம் இருக்கிறது. நீராவி என்ஜினின் மேலும் கீழுமான ஆட்டத்தைச் சுழற்சியாக்க எளிய வழி கிராங்க் எனும் வளைதண்டு. ஆனால் 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருக்குப் பணம் கட்ட மனமில்லாத வாட், 1781இல் தன் காப்புரிமையில் சூரியனும் கோளுமான பல்லமைப்பை வைத்தார். அவரிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டாக்கின் யோசனை அது என்பார்கள். அதில் கோள், இணைப்புத் தண்டோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டது. சூரியனை வலம் வரும், தன்னைத்தான் சுற்றாது. பிரியஸின் இரண்டாம் தொகுதியிலோ கோள் தன்னைத்தான் சுற்றும், வலம் வராது. இரண்டுக்கும் பெயர் கோள்தான். பிளானட் என்ற பெயர் கியருக்குள் நுழைந்த கதையே ஒரு காப்புரிமையைச் சுற்றிக்கொண்டு போன கதை என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஆக, கோள் எப்படி இயங்குகிறது என்பதைப் பெயருக்குள் திணிக்கக் கூடாது. அதனால்தான் ஐயா சொன்ன ஏந்தி எனக்குச் சரியாகப் படுகிறது. தட்டேந்தி நிற்பவர் நடக்கலாம், நிற்கலாம், ஏந்துவது மட்டும் மாறாது. சுழல்கிறதா நிற்கிறதா என்பதைக் கோரலில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்: "வெளிக்கூட்டில் அசையாமல் பூட்டிய கோளேந்தி", "டிஃபரன்ஷியலோடு சேர்ந்து சுழலும் கோளேந்தி". ஆய்வின்போது ஒரு பழைய ஆவணத்தைக் காட்டி "இது ஏற்கெனவே உள்ளதுதான்" என்று ஆய்வாளர் சொன்னால், அந்த அடைமொழியை வைத்துத்தான் வித்தியாசத்தை வாதாட வேண்டியிருக்கும். அடைமொழியைச் சொல்லுக்குள்ளேயே விழுங்கிவிட்டால் வாதாட எதுவும் மிஞ்சாது.

பழைய காப்புரிமைகளைத் தேடும்போதும் சொல் உதைக்கும். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் இந்தக் கியர்களுக்கு எஃப்16எச் 1/28 என்று ஓர் இடம். அதன் தலைப்பில் பிளானட் என்ற சொல்லே இல்லை, வலம்வரும் இயக்கம் கொண்ட பற்சக்கரங்கள் என்றுதான் இருக்கிறது. சொல்லை மட்டும் நம்பித் தேடுகிற மாணவன் பாதியைத் தவறவிடுவான். வகைப்பாட்டு எண்ணையும் படங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சரி, புதுச்சொல் ஒன்றை இப்படிச் சட்டென்று கோரலில் போடலாமா என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கும். போடலாம், கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பில் அதற்கு என்ன பொருள் என்று எழுதியிருந்தால். அலெக்ஸ் செவெரின்ஸ்கிக்கு 1994இல் ஹைபிரிட் வண்டிக்காகக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 5,343,970இல், "கட்டுப்படுத்தத்தக்க முறுக்குவிசை மாற்று அலகு" என்று பொருள்தரும் ஒரு தொடர் வருகிறது. எந்தப் பொறியியல் அகராதியிலும் இல்லாத, அவரே கோத்த தொடர். அவருடைய பேய்ஸ் நிறுவனம் டொயோட்டாமீது 2004இல் வழக்குப் போட்டபோது சண்டையின் பெரும்பகுதி இந்தத் தொடருக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதுதான். செவெரின்ஸ்கியின் படத்தில் இருந்தது கூம்புப் பற்சக்கரங்கள், டொயோட்டாவிடம் இருந்தது பிளானட்டரி. சொல்லுக்குச் சொல் பொருந்தவில்லை, ஆனால் வேலையில் நிகரானது என்று 2005 டிசம்பரில் நடுவர் குழு முடிவு செய்தது. வண்டிக்கு 25 டாலர் என்று நீதிமன்றம் வைத்த தொடர் உரிமைத்தொகை, மேல்முறையீட்டுக்குப் பின் 2009இல் 98 டாலர் ஆனது. 2010இல் சமரசம். கலைச்சொல் விவாதம் வெட்டிவேலை என்று வீட்டில் சொல்பவர்களிடம் இந்த 98ஐச் சொல்லிப் பாருங்கள். (என் வீட்டில் எடுபடவில்லை.)

இனி சூரியன். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுப் பற்சக்கரம் என்று வகுப்பில் எழுதினால், திங்கள் முதல் சனி வரை அது ஓடாதா என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும், எனக்கு உறுதி. பரிதி இன்னும் ஆபத்து. பள்ளிக் கணக்கில் வட்டத்தின் பரிதி என்று படித்தவனுக்குப் பரிதிப் பற்சக்கரம் என்றால் விளிம்பில் இருக்கும் வளையம்தான் தோன்றும், நடுவில் இருப்பது தோன்றாது. நேர் எதிரான உறுப்பைக் காட்டுகிற சொல்லைவிட வடசொல் மேல் என்பது என் கட்சி. கதிர்ப் பற்சக்கரம் என்று நானும் யோசித்தேன். ஆரக்கால் போட்ட சக்கரம் என்று நினைத்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். சூரியப் பற்சக்கரமே இருக்கட்டும்.

தம்பியின் சக்கரக் கேள்வி நியாயமானது. கியருக்குப் பல்லிணை என்று இணையத்தில் ஒரு சொல் ஓடுகிறது. அதில் இணை என்பது இரண்டைக் குறிக்கிறது. ஒற்றைக் கியரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இணை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. போதாததற்குப் பல என்பதோடு சேர்த்துப் "பல இணைகள்" என்றும் படிக்கலாம். அதனால் கையேடு முழுக்க கியருக்குப் பற்சக்கரம், வீலுக்கு வண்டிச்சக்கரம். வெறும் சக்கரம் என்ற சொல் எங்கேயும் தனியாக வராது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் கோரலில் நீளம் குற்றமில்லை, குழப்பம்தான் குற்றம்.

திருத்திய கோரல் இது. யாராவது ஓட்டை கண்டால் சொல்லுங்கள்:

"ஒரு மின்மோட்டாரும், அதன் தண்டில் பொருத்திய சூரியப் பற்சக்கரமும், வெளிக்கூட்டில் அசையாமல் பூட்டிய வளையப் பற்சக்கரமும், இவ்விரண்டோடும் பல் பொருந்தி நிற்கும் மூன்று கோள் பற்சக்கரங்களும், அவற்றின் அச்சாணிகளை ஏந்தி டிஃபரன்ஷியலோடு சேர்ந்து சுழலும் கோளேந்தியும், கோளேந்திக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் அமைந்த தாங்கியும் கொண்ட, மின்வண்டிக்கான இயக்க அமைப்பு."

மடல் 5

அண்ணே, ஓட்டை இருக்கிறது. மூன்று கோள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாலு போட்டு வண்டி செய்து விற்றால் என்ன செய்வீர்கள்? "குறைந்தது மூன்று" என்று மாற்றுங்கள்.

கோளேந்தி நன்றாக இருக்கிறது. நேற்று பட்டறையில் பையனிடம் அந்தக் கோளேந்தியை எடு என்றேன். கேரியரைத்தான் எடுத்துக் கொடுத்தான். ஆனால் மேசையில் அது ஒன்றுதான் இருந்தது.