செம்புக் கம்பி தைத்த ரப்பர் தோல்: கலையா, கைப்பிசகா?

காண்டாவாளி:
நம் டவுன் பாசார் பக்கம், கடைவீட்டு மாடியில் நடக்கும் சிற்பக் கண்காட்சி பற்றி. நடுவில் தொங்கும் பெரிய வேலை எட்டு ரப்பர் தோல்கள். காடாத் துணியில் ரப்பர் பாலைத் தடவிக் காயவைத்து, செம்புக் கம்பியால் தைத்து, ஓரத்தில் பித்தளை மணி கட்டியிருக்கிறார் சிற்பி. தைத்த இடமெல்லாம் கருப்பும் பச்சையுமாகக் கறை. பசை மாதிரி பளபளக்கிறது. கையேட்டில் அதைக் ‘காலத்தின் தடம்’ என்கிறார்கள். காலமெல்லாம் இல்லை, செம்பு செய்த வேலை. ரப்பருக்குச் செம்பும் மாங்கனீசும் விஷம். டின்னில் வரும் செறிந்த ரப்பர் பாலுக்கான ‘ஐஎஸ்ஓ 2004’ என்ற எண்ணுள்ள உலகத் தரத்தில் இரண்டுக்கும் உச்சவரம்பு, பாலில் உள்ள திடப்பொருள் கிலோவுக்கு 8 மில்லிகிராம்தான். இங்கே முழுக் கம்பியே உள்ளே கிடக்கிறது. விலைச்சீட்டு வேறு தொங்குகிறது.

மங்குத்துணி:
அண்ணே, கெட்டுப்போவதுதான் அந்த வேலையின் பொருள். சுற்றிலும் பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வெட்டிச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை நட்டாயிற்று. இந்த ஊரில் ரப்பரை அழியாத சாமானாகச் செய்து மாட்டினால்தான் பொய். அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1969-ல் ரப்பர் பாலும் துணியும் ஃபைபர் கிளாஸ் கம்பமும் வைத்துச் செய்த ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ இன்று கறுத்து விறைத்து நிற்கிறது. நியூயார்க் குகன்ஹெய்ம் அருங்காட்சியகம் அதைத் தூக்கிப் போடவில்லை, பழுது பார்த்து 2022-ல் மறுபடி காட்சிக்கு வைத்தது.

காண்டாவாளி:
ஹெஸ்ஸே தெரிந்தே செய்தார். ரப்பர் நிலைக்காது, வாங்குகிறவர்களை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது என்று பேட்டியிலேயே சொன்னவர். இங்கே சீட்டில் ‘கலப்பு ஊடகம்’ என்று இரண்டே சொல். அம்மோனியா கலந்த ரப்பர் பால், காடாத் துணி, செம்புக் கம்பி, பித்தளை என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

இன்னொன்று, கெடுவது வேறு, எப்படிக் கெடுவது என்பது வேறு. வெளிச்சமும் காற்றும் பட்டால் ரப்பர் மெதுவாக மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் நொறுங்கும். செம்பு பட்டால் இளகிப் பிசின் ஆகும். தோல் காய்வதற்கு முன்பே கம்பியைக் கோத்தால் இன்னும் மோசம். பாலில் உள்ள அம்மோனியா செம்பைக் கரைத்து நீலமாகத் துணிக்குள் இழுத்துவிடும். காய்ந்தபின் தைத்தாலும் ரப்பரில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உள்ளே பரவும். அந்தக் கருப்பு, பாலில் கலந்த கந்தகம் செம்பில் பட்டது. முதலில் கருப்பு, அப்புறம் பிசுபிசுப்பு. இதில் சிற்பி எதைத் தேர்ந்தெடுத்தார்?

புகைவீடு:
இரண்டு பேரும் செம்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மூன்றாவது தோலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தீர்களா? உள்ளே வெள்ளைத் திட்டு. அது பூசணம் இல்லை, காயாத பால். ஒரு பூச்சு முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகுதான் அடுத்ததைப் பூச வேண்டும். மழை நாளில் அவசரப்பட்டு மேலே பூசினால் ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும், பிறகு புளித்த வாடை, பூசணம். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவதே இதற்காகத்தான்: பாலை 15 சதவீத ரப்பர் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஃபார்மிக் அமிலத்தில் உறையவைத்து, 3 மில்லிமீட்டருக்கு உருட்டி, நாலு நாள் 60 டிகிரிக்குள் புகை. புகையில் உள்ள ஃபீனால் பூசணத்தைத் தடுக்கும். தடவிய தோலுக்குப் புகை வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் புரதமும் சர்க்கரையும் பெருமளவு வெளியேறிவிடும். பூசணத்துக்குத் தீனியே அதுதான். பிறகு நிழலில் காய வேண்டும், வெயிலில் அல்ல.

மூலையில் அடுக்கியிருக்கும் புகைஷீட் வேலைதான் அங்கே உருப்படி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பட்டறைப்பையன்:
அதே கண்காட்சியில் இருக்கும் வாளிக் கோபுரம் பற்றி நான். சிங்க் (துத்தநாகம்) பூசிய வாளியைப் பூச்சு எடுக்காமலே வெல்டிங் அடித்திருக்கிறார்கள், தையலைச் சுற்றி வெள்ளைப் பொடியும் பொத்தலும் தெரிகிறது. தையலுக்கு இரு பக்கமும் ஓர் அங்குலம் கிரைண்டர் போட்டுச் சுரண்டணும், அடித்த பிறகு சிங்க் பெயிண்டு இரண்டு கோட். சுரண்டாமல் அடித்தால் அந்தப் புகையில் ராத்திரி காய்ச்சல் வரும், அது வேறு.

தோல்களைத் தாங்கும் 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி சரிதான். மீட்டருக்கு 0.888 கிலோ, மர உத்தரத்துக்குப் பாரமே இல்லை. ஆனால் தோலை ரெண்டே முனையில் மாட்டியிருக்கிறார்கள். தன் எடையில் மேல்பக்கம் இழுபடுது. இழுபட்ட ரப்பரைத்தான் ஓசோன் வெட்டும், இழுப்புக்குக் குறுக்கே கோடு கோடாக. வாசலில் அயனி விடும் காற்று சுத்திகரிப்பான் ஓடுதே, அதில் சில மாடல் ஓசோனும் விடும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மேல் ஓரத்தை முழு நீளத்துக்கும் மடித்து, குழாய் நுழைத்து மாட்டினால் எடை பரவிடும்.

மங்குத்துணி:
தம்பி, குழாய் சரி. செம்பை எடுக்கச் சொன்னால் ஒப்பமாட்டேன். அந்தக் கம்பியும் மணியும் தோட்டத்து மாரியம்மன் கோயில் சாமான். அதை எடுத்துவிட்டுத் தூண்டில் நரம்பில் தைத்தால் அது வேறு வேலை. பழுது பார்க்கிறோம் என்று சிற்பத்தையே மாற்றிவிடாதீர்கள்.

காண்டாவாளி:
அப்படியானால் ‘இது பிசினாகும்’ என்று சீட்டில் எழுதி, அதற்கேற்ற விலை வைக்கட்டும். விளக்கையும் 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) வரை இறக்கட்டும், இப்போது ஸ்பாட்லைட் நேரே தோலில் அடிக்கிறது.

பட்டறைப்பையன்:
அக்கா, செம்பு நிறம்தான் வேணும்னா ஃபேன் ரிப்பேர் கடையில் காயில் கம்பி வாங்குங்க. செம்புதான், மேலே எனாமல் பூச்சு.

புகைவீடு:
எனாமல் துளையில் உரசினால் சுரண்டிப் போகும், கூர்மையாக மடித்தால் விரியும். துளைக்கு ஐலெட் (சின்ன உலோக வளையம்) அடித்து, கம்பிக்கு டெஃப்லான் உறை போட்டால்தான் நிற்கும். ஐலெட் அலுமினியமாக இருக்கட்டும். கடையில் வெள்ளையாகக் கிடப்பதில் பல பித்தளைமேல் நிக்கல் முலாம், காந்தமும் காட்டிக்கொடுக்காது. கத்தியால் ஒன்றைச் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் வேண்டாம்.