மாநாட்டுக்குப் போய் வந்தேன்: வேலைக்குப் பெண்கள், முடிவுக்கு ஆண்களா?

மானிப்பாய்_மகள்:
போன சனி, ஞாயிறு யாழ் நகரில் ஒரு கிறிஸ்தவ மாநாடு நடந்தது. திருச்சபையில் ஆண் பெண் சமத்துவம் பற்றியது. எங்கள் சபையில் இருந்து நானும் இன்னொரு அக்காவும் மட்டும்தான் போனோம். ஆண்களைக் கேட்டபோது, அது மாதர் சங்கத்துக்குரியது என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் ஒரு தாளைத் தந்து, உங்கள் சபையில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஓய்வுநாள் பாடசாலை (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பு), ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவீட்டு ஜெபம், கோயில் கூட்டுவது, நத்தார் விருந்துச் சமையல். எல்லாவற்றுக்கும் பெண்களின் பெயர்கள்தான் வந்தன. பிறகு, காணிக்கைக் காசை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிப்பவர்களை எழுதச் சொன்னார்கள். ஏழு பெயர்கள் எழுதினேன். ஏழும் ஆண்கள். தெரியாத விஷயமில்லை. ஆனாலும் என் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. மற்றச் சபைகளிலும் இப்படித்தானா?

வசனமே_வழி:
தங்கச்சி, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. ஆனால் 1 தீமோத்தேயு 2:12ஐ என்ன செய்வது? பெண் உபதேசிக்கவும் ஆணின்மேல் அதிகாரம் செலுத்தவும் தான் இடம் கொடுப்பதில்லை என்று பவுல் நேராகவே எழுதியிருக்கிறார். ஊழியம் வேறு, அதிகாரம் வேறு. ஊழியத்தை யாரும் தடுக்கவில்லை. காலத்துக்கு ஏற்றபடி வேதத்தை வளைக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம் என்பதுதான் என் பயம்.

மானிப்பாய்_மகள்:
அண்ணை, அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 11:5இல் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றி எழுதுகிறார். அந்த இடத்தில் முக்காடு போடச் சொல்கிறாரே தவிர, வாயை மூடச் சொல்லவில்லை. ரோமர் 16ஐத் திறந்தால் முதல் பெயரே பெபேயாள், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. பிரிஸ்கில்லாளும் கணவரும் சேர்ந்து அப்பொல்லோவுக்கே விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள், அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதும் வளைப்பதுதானே?

தென்மராட்சி_95:
நான் வேத விவாதத்துக்கு வரவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். எங்களோடு சபைப் போதகர் யாரும் இல்லை. அம்மாதான் ஒவ்வொரு பின்னேரமும் வேதம் வாசித்து, இரண்டு வார்த்தை விளக்கம் சொல்லி, ஜெபம் நடத்தினா. ஆண்கள், வயதானவர்கள், எல்லாரும் தலை குனிந்து இருந்தார்கள். ஒருவர்கூட, பெண் உபதேசிக்கலாமா என்று கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கோயில் கூரை போட்டு, பிரசங்கபீடத்தையும் பழையபடி வைத்த பிறகு அம்மா கடைசி வரிசை வாங்குக்குப் போய்விட்டா. யுத்தம் முடிந்த பிறகும் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியாகக் கொண்டு நடத்துகிறார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வீட்டை நடத்தலாம், சபைக் கணக்கைப் பார்க்கக் கூடாதா?

வசனமே_வழி:
உங்கள் அம்மாவின் விசுவாசத்துக்குத் தலை வணங்குகிறேன், உண்மையாகவே. ஆனால் அது ஆபத்துக் காலம். உடுவில் மகளிர் பள்ளியில் இருந்த அமெரிக்க மிஷனரி எலைசா அக்னியூ அம்மையாரைப் பாருங்கள். 1840இல் வந்து ஏறக்குறைய 40 வருடம் பெண்பிள்ளைகளைப் படிப்பித்தா. குருப்பட்டம் கேட்கவில்லை. பதவி இல்லாமலே எத்தனை குடும்பங்களை மாற்றினா!

மானிப்பாய்_மகள்:
நானும் உடுவிலில் படித்தவள்தான் அண்ணை. 1824இல் அமெரிக்க மிஷன் அந்தப் பள்ளியைத் தொடங்கியதற்கு ஒரு காரணம், வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பொடியன்களுக்குப் படித்த கிறிஸ்தவப் பெண்கள் மனைவியாகக் கிடைக்க வேண்டும் என்பது. அந்த மிஷன்காரருக்கு அன்று அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் எழுத்துப் படித்த பெண் அத்தோடு நிற்பாளா? ஆசிரியை ஆனாள், டொக்டர் ஆனாள். பட்டம் கேட்காமல் உழைத்தவரைக் காட்டி, கேட்கிறவரை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்ணைக் குருவாக்கிவிட்டது. 2013இல் புஷ்பா லலிதா அம்மையார் நந்தியால் ஆதீனத்துக்குப் பேராயராகவே வந்தார். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையும் 2006இல் பெண்களைக் குருக்களாக்கியது. ஆகவே இது வெளியில் இருந்து வந்த புதுக் கதை இல்லை.

குருநகர்_பிள்ளை:
கத்தோலிக்கர் நாங்கள். எங்களுக்குக் குருத்துவம் பெண்களுக்கு இல்லை என்று 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதிவிட்டார், அதில் நான் தர்க்கம் செய்யவில்லை. ஆனால் 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ், திருப்பலியில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணிகளைச் சட்டப்படியே பெண்களுக்கும் திறந்தார். 2023 ஒக்டோபர் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் வாக்களித்தார்கள். குருத்துவம் வேறு, வாக்குரிமை வேறு என்று ரோமே பிரித்துப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்திருப்பதால்தான் இங்கே கதை நகர மாட்டேன் என்கிறது.

வசனமே_வழி:
தம்பி சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. பிரசங்கபீடம் பற்றிய என் நிலை மாறவில்லை. ஆனால் கணக்கும் கட்டட வேலையும் உபதேசம் இல்லை, அதற்கு அந்த வசனத்தை இழுக்க முடியாது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சபையில் இரண்டு அக்காமாரைக் கமிட்டிக்குக் கேட்டோம், அவர்களே மறுத்துவிட்டார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மானிப்பாய்_மகள்:
கமிட்டி எத்தனை மணிக்குக் கூடுகிறது?

வசனமே_வழி:
வெள்ளி இரவு ஏழு மணி. முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகும்.

மானிப்பாய்_மகள்:
இரவுச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, பிறகு ஒன்பதரைக்கு இருட்டு ஒழுங்கையால் சைக்கிளில் தனியாக வர வேண்டும். அவர்கள் மறுத்தது கமிட்டியையா, நேரத்தையா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

வசனமே_வழி:
கேட்கவில்லை. அது என் பிழைதான். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைக்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.

மானிப்பாய்_மகள்:
நன்றி அண்ணை. ஆனால் ஓய்வுநாள் பாடசாலை உங்களுக்கும் ஆராதனைக்குப் பிறகுதான் என்றால், அந்த நேரம் அக்காமார் வகுப்பில் நிற்பார்கள். சனி பின்னேரம் நாலு மணி எப்படி என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள்.