கிரிஸ்டல்: படிகமா, பளிங்கா, பளிக்குக் கண்ணாடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கிரிஸ்டல் நகைகளையும் சேகரிப்புப் பொம்மைகளையும் பார்த்து வாங்குவது, பாதுகாப்பது பற்றி அக்கா எழுதிவரும் கையேட்டுக்காக, 'கிரிஸ்டல்' தொடங்கிச் சில ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைக் கேட்டிருந்தார். அதற்கு நீங்கள் எழுதிய மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். என் கருத்தைச் சொல்லுமுன் இந்தச் சொல்லில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோயில் கடைத்தெரு ஒன்றில் அம்மாவுக்கு ஸ்படிக மாலை வாங்கினேன். "ஒரிஜினல் கிரிஸ்டல்மா" என்றார் கடைக்காரர். ஒரு டம்ளர் தண்ணீரில் மாலையைப் போட்டுக் காட்டினார். மணிகள் மங்கிப்போய்க் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதுதான் அசலுக்கு அடையாளம் என்றார், நம்பினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மணிகளுக்குள் குண்டூசி முனை அளவில் உருண்டையான காற்றுக்குமிழிகள். கண்ணாடி! திரும்பிப் போய்க் கேட்டால், "நான் கிரிஸ்டல் என்றுதானே சொன்னேன்" என்று அவர் சொல்லலாம். உலகச் சந்தையில் நல்ல கண்ணாடிக்கும் அதே பெயர்தான். அம்மா அந்த மாலையோடுதான் தினமும் ஜபம் செய்கிறார். இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதனால் நாம் உண்டாக்கும் சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது. கல்லையும் கண்ணாடியையும் அது பிரித்துக் காட்ட வேண்டும்.

ஸ்படிகம் மண்ணுக்குள் விளைந்த குவார்ட்ஸ் என்ற கனிமம். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட உண்மையான படிகம். கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளில் இந்தக் கல்லும் உண்டு. கண்ணாடி மணிக்குப் பெயர்போன இடம் அரிக்கமேடு. இரண்டு பொருளும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நமக்குத் தெரிந்தவைதான், குழப்பம் பெயரில் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் அருகே முரானோ தீவில் நிறமற்ற தெளிந்த கண்ணாடியை உருவாக்கியபோது, ஸ்படிகம் போல இருக்கிறது என்று அதற்குக் 'கிறிஸ்டல்லோ' என்று பெயர் வைத்தார்கள். உவமையாக வந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஸ்படிகம் போன்ற கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார், சில ஆண்டுகளில் அதில் ஈய ஆக்சைடு கலக்கும் முறையும் நிலைபெற்றது. ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், ஒளியை அதிகமாக வளைக்கும், வெட்டவும் இணக்கமாக இருக்கும். ஐரோப்பியச் சட்டம் 1969இல் இதற்கு அளவும் வகுத்தது: ஈய ஆக்சைடு 24 விழுக்காடு இருந்தால் ஈய கிரிஸ்டல், 30 இருந்தால் முழு ஈய கிரிஸ்டல். ஆனால் எத்தனை விழுக்காடு ஈயம் சேர்ந்தாலும் அது கண்ணாடிதான், அணுக்கள் அடுக்கில்லாமல் உறைந்த பொருள்.

இனி, வந்த சொற்களைப் பார்க்கலாம்.

> படிகம் என்றே வைத்துக்கொள்ளலாம், பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலில் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். உப்பும் கற்கண்டும் படிகம் என்று படித்த பிள்ளை, அடுத்த பாடத்தில் கண்ணாடி படிகம் அல்ல என்று படிக்கிறது. அதே பிள்ளை நம் கையேட்டில் கண்ணாடியில் செய்த அன்னப் பொம்மைக்குப் 'படிக அன்னம்' என்று பெயர் பார்த்தால் எதை நம்பும்? அந்தச் சொல் வேதியியலுக்கே இருக்கட்டும்.

> பளிங்கைவிட அழகான சொல் வேறு ஏது?

ஐயா, இதை மறுக்க எனக்கு மனமே வரவில்லை. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்பது குறள். பக்கத்தில் உள்ள பொருளின் நிறத்தைத் தன்னில் வாங்கிக் காட்டுவது பளிங்கு. கிரிஸ்டல் பொம்மையைச் சிவப்புப் பட்டின் மேல் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வரி உடனே விளங்கும். ஆனால் அந்தப் பொருள் இப்போது வழக்கில் இல்லை. பளிங்குத் தரை, பளிங்குச் சிலை, தாஜ்மகால் என்று சொல் முழுவதும் மார்பிள் பக்கம் போய்விட்டது. 'பளிங்கு அன்னம்' என்று எழுதினால் வெள்ளைக் கல்லில் செதுக்கிய அன்னத்தைத்தான் யாரும் நினைப்பார்கள்.

> ஈயக்கண்ணாடி. நேரடியானது, அறிவியலுக்கும் பொருந்தும்.

மூன்று தடைகள் சொல்கிறேன். ஒன்று, ஈயம் இல்லாத கிரிஸ்டல் இப்போது பெருகிவிட்டது. கிரிஸ்டல் நகைக்கும் பொம்மைக்கும் பெயர்போன ஸ்வரோவ்ஸ்கி நிறுவனமே 2012இல் ஈயம் சேராத கலவைக்கு மாறியது. இரண்டு, எக்ஸ்ரே அறைச் சன்னலில் கதிரைத் தடுக்கப் பதிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பெயர் தேவைப்படும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அது வெள்ளீயம், கிரிஸ்டலில் இருப்பது காரீயம். ஈயக்கண்ணாடிக் கிண்ணம் என்று கேட்டவர் 'ஈயப் பாத்திரம் நல்லதுதானே' என்று அதில் ஊறுகாயைப் போட்டு வைத்தால், புளிப்பு காரீயத்தை மெல்ல மெல்லக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். நகையாக அணிவதிலோ பொம்மையாக அலமாரியில் வைப்பதிலோ இந்தக் கவலை இல்லை. குழந்தைகள் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை: பளிக்குக் கண்ணாடி.

மணிமேகலையில் பளிக்கறை வருகிறது, உதயகுமரன் கண்ணில் படாமலிருக்க மணிமேகலை புகுந்துகொள்ளும் அறை. அந்தப் பளிக்கு, பளிங்கின் வடிவம்தான். ஆனால் மார்பிள் கடைப் பலகையில் இன்னும் ஏறாத வடிவம். பழைய பொருள் அதில் கெடாமல் இருக்கிறது. அதோடு 'கண்ணாடி' சேரும்போது சொல்லின் முதன்மைப் பகுதியே உண்மையைச் சொல்லிவிடுகிறது: இது கண்ணாடி, பளிங்கைப் போன்ற கண்ணாடி. வெனிஸ்காரர்கள் வைத்த உவமையும் கெடவில்லை. கடையில் நின்று "இது ஸ்படிகமா, பளிக்குக் கண்ணாடியா?" என்று ஒருவர் கேட்க முடிந்தால் எனக்குப் போதும். அந்தக் கேள்விக்கு 'கிரிஸ்டல்' என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. தொடர்களில் பளிக்குத் தோடு, பளிக்கு மணி, பளிக்குப் பொம்மை என்று சுருக்கிக்கொள்ளலாம்.

அடையாளம் காணும் பகுதியில் தண்ணீர்ச் சோதனையை அக்கா கட்டாயம் மறுத்து எழுத வேண்டும். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33. ஸ்படிகத்துக்கு 1.54, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. இரண்டும் தண்ணீரில் ஒரே மாதிரிதான் மங்கும். நம்பத்தக்கவை வேறு. ஸ்படிகம் வெப்பத்தைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துவதால் கன்னத்தில் வைத்ததும் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி சற்று நேரம் நிற்கவும் செய்யும். லென்ஸில் உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. புகை படிந்தது போன்ற மெல்லிய திரை தெரிந்தால் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய ஸ்படிக உருண்டை என்றால் ஒரு தலைமுடியின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

எடை போட்டும் பார்க்கலாம். சமையலறை மின்தராசில் முதலில் பொருளை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீருள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்து, பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் கூடுகிறதோ அதனால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 60 கிராம் பொருளுக்கு 20 கிராம் கூடினால் 3.0, அது ஈயம் மிகுந்த கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி 2.5 அருகில் வரும், ஸ்படிகம் 2.65. உலோகம் சேர்ந்த நகைக்கும் ஒட்டிச் செய்த பொம்மைக்கும் இது ஒத்துவராது. சின்ன மணி என்றால் வீட்டுத் தராசின் பிழையே விடையைப் புரட்டிவிடும்.

அடுத்தது பொம்மை, ஆங்கிலத்தில் ஃபிகரின் என்னும் சிறிய அலங்கார உருவம். அதற்குச் சிற்றுரு, பாவை, பதுமை என்று மூன்று சொற்கள் வந்தன. பாவையும் பதுமையும் பெண்ணுருவை நினைவூட்டுகின்றன, எலிக்கும் முள்ளம்பன்றிக்கும் பொருந்தாது. சிற்றுரு என்று யார் வாயிலும் வராது. பொம்மை என்றால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடுமே என்று ஒருவர் தயங்கினார். அப்படியானால் கொலு பொம்மை? அதை எந்தக் குழந்தையும் எடுத்து விளையாட விடமாட்டோம். பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, மூக்கு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சேகரிப்பாளர் செய்வதும் இதைத்தானே! பொம்மையே சரியான சொல் என்பது என் உறுதியான எண்ணம்.

பளிக்குப் பொம்மைகளின் கதையும் கையேட்டில் வரலாம். ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் வாட்டென்ஸ் ஊரில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1895இல் தொடங்கிய நிறுவனம் நெடுங்காலம் நகைக் கற்களையும் சரவிளக்குத் துண்டுகளையும்தான் செய்துவந்தது. 1976இல் மாக்ஸ் ஷ்ரெக் என்பவர் சரவிளக்குத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒரு சுண்டெலி செய்தார். அங்கிருந்து பொம்மை வரிசை பிறந்தது, 1987இல் சேகரிப்பாளர் சங்கமும் வந்தது. வாங்குபவர்கள் அடிப்பக்கத்தில் பொறித்த முத்திரையை லென்ஸில் பார்க்க வேண்டும். பழையவற்றில் எஸ்.சி. என்ற எழுத்துகள், 1980களின் இறுதியிலிருந்து அன்னம். பெட்டியும் சான்றிதழும் கூடவே இருந்தால் மறுவிற்பனையில் மதிப்பு கூடும். பிரான்ஸின் லாலிக் கண்ணாடிப் பொருள்களில் கையொப்பமே காலம் சொல்லும். நிறுவனர் ரெனே லாலிக் 1945இல் இறந்தார். அதன் பிறகு வந்தவற்றில் அவர் பெயரின் முதலெழுத்து 'ஆர்' இருக்காது.

கல்லில் வெட்டிய தட்டையான முகங்களை ஆங்கிலத்தில் ஃபேசட் என்பார்கள். அதற்கு முகப்பு, முகம், தளம் என்று வந்த சொற்கள் எதுவும் தேவையில்லை. பட்டை இருக்கிறது. பட்டை தீட்டாத வைரம் என்று பேச்சிலேயே சொல்கிறோம். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கைப்பட்ட சொல் இருக்க, புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டாம்.

கல்லின் முதுகில் ஒளியைத் திருப்ப ஏற்றும் உலோகப் பூச்சுக்கும் நம்மிடம் சொல் உண்டு: ரசம். ரசம் போன கண்ணாடி என்று சொல்லாத வீடு இல்லை. பின்பூச்சுள்ள கல்லை 'ரசக்கல்' எனலாம். இதை நான் பாடுபட்டுத்தான் கற்றேன். கல்யாணத்தின்போது அத்தை போட்ட வெள்ளைக்கல் ஜிமிக்கியைப் பளபளப்பாக்க நினைத்து இரவு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் பாதிக் கற்கள் கறுத்திருந்தன. கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதிக்கும் குளோஸ் செட்டிங்கில் பின்னால் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் ரசத்தை அரித்துவிட்டது. ரசக்கல்லை ஊறவைக்காதீர்கள் என்று அக்கா தடித்த எழுத்தில் போட வேண்டும். ஈரத் துணியால் மேலே மட்டும் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். வானவில் நிறம் காட்டும் முன்பூச்சு 1956இல் பிரான்ஸின் ஆடை நிறுவனமான டியோரோடு சேர்ந்து ஸ்வரோவ்ஸ்கி கொண்டுவந்தது. அதுவும் மெல்லிய படலம்தான், தேய்த்தால் போய்விடும். அதற்கு 'வானவில் பூச்சு' போதும் என்று நினைக்கிறேன்.

பொம்மையைத் துடைப்பது பற்றி ஒரே ஒரு விஷயம். தெருப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, பத்து வரை எண்ணும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கண்ணாடிக்கு 5, 6தான். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் புழுதியே பட்டைகளைக் கீறிவிடும். முதலில் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, அப்புறம் துணியை எடுங்கள். வெயில் விழும் சன்னலோரமும் வேண்டாம். ஒட்டுப்பசை மஞ்சளாகும். உருண்டையான பெரிய துண்டு வெயிலைக் குவித்துத் திரைச்சீலையில் தீயே பற்றவைத்துவிடலாம்.

உற்பத்தியை நிறுத்திவிட்ட வகைகளை உலகச் சேகரிப்பாளர்கள் 'ஓய்வுபெற்றவை' என்ற பொருளில் சொல்கிறார்கள். பொம்மைக்கு ஓய்வூதியம் இல்லையே, 'நிறுத்திய வகை' எனலாமா? எனக்கு இன்னும் நிறைவாக இல்லை, நல்ல சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.

திருச்சி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பட்டை தீட்டியவர்களை இன்னும் பார்க்க முடியும் என்றீர்கள். கல்லின் இடுப்பில் ஓடும் விளிம்புக்கும், அதற்குக் கீழே கூம்பிப்போகும் பாதிக்கும் அவர்கள் என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதுவீர்களா? அவர்கள் சொல் தெரியும்வரை அந்த இரண்டு இடங்களையும் கையேட்டில் வெற்றாக விட்டுவைக்க அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்.